கரை இறங்காதவர்

சின்னம்மாவின் கட்டடத்தில் அந்த மனிதரைத் தீவார் என்பார்கள். முகத்துக்கு நேரே இல்லை, அவர் லிஃப்டை விட்டு இறங்கிய பிறகு. ரொறன்ரோவில் எங்கள் ஆட்களிடையே தீவார் என்றால் புங்குடுதீவோ வேலணையோ நெடுந்தீவோ, யாழ்ப்பாணத்தை ஒட்டிய ஏதோவொரு தீவிலிருந்து வந்தவர் என்று பொருள். இவர் அதில் எதையும் சேர்ந்தவர் இல்லை. எந்தத் தீவு அண்ணை என்று ஏழாம் மாடிக்காரர் ஒருவர் கேட்டதற்கு, டொகெலாவ் என்று சொல்லியிருக்கிறார். கேட்டவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, அது அனலைதீவுக்கு அங்காலையோ என்றாராம். ஓம், கொஞ்சம் அங்காலை என்று சொல்லிவிட்டு இவரும் இறங்கிப் போய்விட்டார்.

இதைச் சொல்லிச் சின்னம்மா சிரித்தார். நான் சிரிக்கவில்லை. நான் ஒரு வங்கியில் மோசடிகளைக் கண்டுபிடிக்கும் பிரிவில் வேலை செய்கிறேன். சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். அந்தத் தீவின் பெயர் எனக்கு ஏற்கெனவே தெரியும். அந்த நாட்டுக்குரிய இரண்டு எழுத்தில் முடியும் இணைய முகவரிகளை ஒரு காலத்தில் யாரும் இலவசமாக எடுக்கலாம் என்று இருந்தது. ஏமாற்றுக்காரர்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். வேலையில் சேர்ந்த புதிதில் எங்களுக்குக் காட்டிய போலி மின்னஞ்சல்கள் பலவற்றில் அந்த இரண்டு எழுத்தும் இருந்தன. அங்கே மனிதர்கள் குடியிருக்கிறார்கள் என்று நான் நினைத்துப் பார்த்ததில்லை. இப்போது ஒருவர் அங்கிருந்து வந்தேன் என்று சொல்லிக்கொண்டு, ஸ்காபரோவின் டோர்செட் பார்க்கில் தனியாக இருக்கும் என் சின்னம்மாவின் வாசலில் வந்து நிற்கிறார்.

சின்னம்மா என் அம்மாவின் தங்கை. கலியாணமாகி இரண்டாம் வருடம் சித்தப்பா ஆட்களைக் கள்ளமாக அனுப்பும் ஏஜென்சிக்காரரை நம்பி வெளிநாடு போக வெளிக்கிட்டவர், போய்ச் சேரவில்லை. கடைசியாகச் சிங்கப்பூரிலிருந்து ஒருமுறை பேசினார். அதற்குப் பிறகு இருபத்தைந்து வருடத்துக்கும் மேலாக எந்தச் செய்தியும் இல்லை. அம்மாதான் சின்னம்மாவைக் கனடாவுக்குக் கூப்பிட்டார். பிள்ளைகள் இல்லை. ஒரு கோப்பிக் கடையில் நெடுங்காலம் வேலை செய்து இப்போது ஓய்வில் இருக்கிறார். நெற்றியில் குங்குமப் பொட்டு இல்லாமல் நான் அவரைக் கண்டதில்லை.

அம்மா காலமாகிச் சில மாதங்களில் அந்த மனிதர் வந்தார். முதலில் ஒருநாள் கதவைத் தட்டி, மொன்றியலில் இருந்து வந்திருப்பதாகவும் வாடகைக்கு அறை தேடுவதாகவும் சொன்னாராம். அடுத்த கிழமையே பதினோராம் மாடியில் ஒரு குடும்பத்தோடு அறை எடுத்துக்கொண்டார். அறுபதை நெருங்கிய வயது. கறுத்து மெலிந்த உடம்பு. பாண் சுடும் பேக்கரித் தொழிற்சாலை ஒன்றில் வேலை. சனிக்கிழமை பின்னேரம் சின்னம்மாவின் கதவைத் தட்டுவார். நானும் பிக்கரிங்கிலிருந்து சனிக்கிழமைகளில்தான் வருவேன், அதனால் அவரை நிறையக் கண்டிருக்கிறேன்.

அவர் வீட்டுக்குள் வருவதில்லை. நடைபாதைக் கார்ப்பெற்றில் நின்றபடியே பேசுவார். சின்னம்மா உள்ளே ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருப்பார். தேத்தண்ணிக் கோப்பையை நீட்டினால் வாங்கி, நின்றபடியே குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பார். உள்ளுக்கு வாரும் தம்பி என்று சின்னம்மா ஒவ்வொரு முறையும் சொல்வார். சப்பாத்துக் கழட்டவேணும் அக்கா, இருக்கட்டும் என்பார். கோடையில் செருப்போடு வந்தபோதும் அதே பதில்தான்.

இதை நான் முதலில் மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். பிறகு, உள்ளே வராதவனை வெளியே போ என்று சொல்ல முடியாதே என்று தோன்றியது.

அவர் பேசியது முழுக்க அந்தத் தீவைப் பற்றித்தான். தீவு ஒன்றில்லை, மூன்று. மோதிரம் போல வளைந்த பவளத் திட்டுகள், நடுவில் கடல்நீர் ஏரி. மூன்றையும் சேர்த்து ஸ்காபரோவின் ஒரு மூலைக்குள் வைத்துவிடலாம். விமான நிலையம் இல்லை. துறைமுகம் இல்லை. சமோவாவின் அப்பியாவிலிருந்து கப்பல் ஒரு நாளுக்கு மேல் ஓடவேண்டும். போனாலும் கரையை அணைய முடியாது. பவளப்பாறைக்கு வெளியே கப்பல் நிற்க, சிறு படகுகள் வந்து சாமான்களையும் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு, பாறையில் வெட்டிய ஒடுக்கமான வாய்க்கால் வழியாக உள்ளே போகும். ஆறு இல்லை, கிணறும் அவ்வளவாக இல்லை. கூரையில் விழும் மழைத் தண்ணீரைத் தொட்டியில் பிடித்துக் குடிப்பார்கள். நியூசிலாந்துக்காரரின் ஆட்சி, அவர்களுடைய டொலர்தான் ஓடும்.

சின்னம்மா கேட்டுக்கொண்டே இருப்பார். அங்கத்தைச் சனம் எதாலை சீவிக்குது என்று ஒருநாள் கேட்டார்.

"முந்தி கொப்பறா ஏத்தினவை அக்கா. இப்ப தங்கடை கடலிலை மீன் பிடிக்க மற்ற நாட்டுக் கப்பலுக்கு அனுமதி குடுத்து வாற காசுதான் பெரிசு. அந்த இன்ரநெற் பேரிலையும் கொஞ்சம் வந்தது. தபால் முத்திரை அடிச்சு விப்பினம். மிச்சம் நியூசிலாந்து குடுக்கிறது."

"சாப்பாடு?"

"மீன், தேங்காய், ஈரப்பலாக்காய். ஊருக்கெண்டு பிடிக்கிற மீனைக் கரையிலை குவிச்சு, வீட்டுக்கு வீடு சமனாப் பங்கு வைப்பினம். அங்கை நிக்கிற ஆருக்கும் பங்கு இருக்கு."

நான் சமையலறையில் இருந்தபடியே போனில் தேடிப் பார்ப்பேன். அவர் சொன்னது எல்லாம் சரியாக இருக்கும். அதுதான் என்னை உறுத்தியது. ஓர் இடத்தில் வாழ்ந்தவன் அந்த இடத்து நுளம்பு கடித்ததைப் பற்றிச் சொல்வான், பக்கத்து வீட்டுக்காரனோடு சண்டை பிடித்ததைச் சொல்வான். இவரோ பள்ளிக்கூடப் புவியியல் புத்தகம் மாதிரிச் சொன்னார். எந்த வருடம் அங்கே இருந்தீர்கள் அங்கிள் என்று ஒருமுறை கேட்டேன். அப்போது அங்கே இரவில் டீசல் எஞ்சின் ஓடியது, இப்போது வெயிலில் இருந்துதான் மின்சாரம் எடுக்கிறார்கள் என்றார். யாரோடு இருந்தீர்கள் என்று கேட்டேன். மிக உயரமான நிலம்கூட இரண்டு ஆள் உயரத்துக்கு மேல் அவ்வளவாகப் போகாது என்றார். படம் ஏதும் இருக்கா என்று கேட்டதற்கு இல்லை என்று மட்டும் சொன்னார்.

சின்னம்மாவின் கேள்விகளும் எனக்கு விசித்திரமாகப் பட்டன. மண் எப்படி, வெள்ளை மணலோ கறுப்போ என்று கேட்டார். பெருமழைக்குக் கடல் உள்ளே வருமோ என்று கேட்டார். செத்தவர்களை எரிப்பார்களோ தாழ்ப்பார்களோ என்றுகூடக் கேட்டார். தாழ்க்கிறது அக்கா, சுத்தி வெள்ளை அடிச்சு நல்லா வச்சிருப்பினம் என்று இவர் பதில் சொன்னார். வாசலில் நின்று பேசுகிற பேச்சா இது என்று நான் நினைத்தேன்.

அந்தக் காலத்தில் என்னைப் பெரிதாகக் குழப்பியது றிச்மண்ட் ஹில் கோயிலில் நடந்தது. சின்னம்மா மாதத்தில் ஒருமுறை அங்கே போய்ச் சித்தப்பாவின் பெயருக்கும் நட்சத்திரத்துக்கும் அர்ச்சனை செய்வார். நான் வந்து கூட்டிப்போக நேரமில்லாத ஒரு வெள்ளிக்கிழமை அந்த மனிதர் தன்னுடைய பழைய வான் வண்டியில் அவரைக் கூட்டிக்கொண்டு போனார். வேலை முடிந்து நானும் நேரே கோயிலுக்குப் போனேன். பார்க்கிங்கில் வானுக்குள் கண்ணாடியை உயர்த்திவிட்டு இருந்தார். உள்ளே வரவில்லையா என்று கேட்டேன். இல்லைப் பிள்ளை, நீர் போம் என்றார். சொல்லிவிட்டு இருக்கையில் இன்னும் கீழே சரிந்துகொண்டார். திருவிழா நாளும் இல்லை, கூட்டமும் இல்லை. இந்த மனிதர் யாருடைய கண்ணிலோ படப் பயப்படுகிறார் என்று முடிவுகட்டினேன். எங்கள் ஆட்களிடையே அப்படிப் பயப்பட ஆயிரம் காரணம் இருக்கிறது. எந்த இயக்கத்தில் இருந்தவரோ, யாரைக் காட்டிக் கொடுத்தவரோ, யாருடைய பெயரில் இந்த நாட்டுக்கு வந்தவரோ.

கட்டடத்திலும் கதை தொடங்கிவிட்டது. தனியாக இருக்கிற பொம்பிளையிட்டை உவருக்கு என்ன அலுவல் என்று எட்டாம் மாடி அன்ரி என்னையே லிஃப்டுக்குள் கேட்டார். சின்னம்மாவிடம் மெல்ல எடுத்துச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. அந்தத் தம்பி சொல்லி முடியட்டும், பிறகு பாப்பம் என்றார். எதைச் சொல்லி முடிப்பது என்று எனக்குப் புரியவில்லை.

என் அலுவலகத்தில் செலினா என்று ஒருத்தி இருந்தாள். நியூசிலாந்திலிருந்து வந்தவள் என்று மட்டும் தெரியும். ஒருநாள் மதியச் சாப்பாட்டின்போது, டொகெலாவ் என்று ஓர் இடத்தைக் கேள்விப்பட்டிருக்கிறாயா என்று சும்மா கேட்டேன். அவள் முள்ளுக்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். அவள் பிறந்ததே அங்கேதான். மூன்றில் நடுத் தீவான நுகுநோனுவில் பத்து வயது வரை இருந்தவள், பிறகு குடும்பத்தோடு நியூசிலாந்துக்குப் போயிருக்கிறாள். கனடாவில் யாரும் தன்னிடம் அந்தப் பெயரைச் சொன்னதில்லை என்றாள்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு தீவில் சில நூறு பேர்தான், எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும், ஐந்து நிமிடம் பேசினால் போதும் என்றாள். சனிக்கிழமை பின்னேரம் சின்னம்மா வீட்டுக்குத் தேத்தண்ணிக்கு வரச் சொன்னேன். எதற்கென்று சின்னம்மாவிடம் சொல்லவில்லை.

அன்று அவர் வழமைபோல வந்து கதவடியில் நின்றார். செலினா சோபாவிலிருந்து எழும்பிப் போய்த் தன்னுடைய மொழியில் வணக்கம் சொன்னாள். அவருடைய முகம் மாறிவிட்டது. திருப்பி ஒரு சொல் சொன்னார், அதற்கு மேல் அவருக்கு அந்த மொழி தெரியவில்லை. எந்தத் தீவில் இருந்தீர்கள், யாருடைய வீட்டில் என்று செலினா ஆங்கிலத்தில் கேட்டாள். அவர் சின்னம்மாவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

தான் அங்கே இருந்ததில்லை என்றார். கரையில் கால் வைத்ததே இல்லை, அப்பியாவிலிருந்து சாமான் கொண்டுபோகும் கப்பலில் இரண்டு வருடம் வேலை செய்தேன், அவ்வளவுதான் என்றார்.

பிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்கூட வந்தது. செலினாவோ என் பக்கம் திரும்பவே இல்லை. எந்த வருடங்கள் என்று கேட்டாள். அவர் சொன்னதும், தன்னுடைய சின்ன வயதில் அந்தக் கப்பல் வருவதைப் பார்க்கப் பிள்ளைகள் எல்லாம் கரைக்கு ஓடியதைச் சொன்னாள். பிறகு சாதாரணமாகக் கேட்டாள்: "நீங்கள் ஸ்ரீலங்கா என்றால், எங்களுடைய மண்ணில் அடக்கம் செய்திருக்கிற அந்த மாலுமியை உங்களுக்குத் தெரிந்திருக்குமே?"

கோப்பிக் கடையில் அத்தனை வருடம் நின்ற சின்னம்மாவுக்கு அந்த ஆங்கிலம் போதும். கையிலிருந்த கோப்பையை மேசையில் வைத்தார்.

"தம்பி," என்றார் சின்னம்மா, "உள்ளுக்கு வந்து இரும்."

அவர் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்தார். கதிரையில் உட்காராமல் நிலத்தில் உட்கார்ந்தார்.

அவர் சொன்னது இதுதான். சிங்கப்பூரில் ஏஜென்சிக்காரன் கைவிட்டுப் போன பிறகு சித்தப்பாவும் இவரும் வேறு ஆட்களின் மாலுமி அடையாளப் புத்தகங்களோடு ஒரு சரக்குக் கப்பலில் ஏறினார்கள். நியூசிலாந்துக்குப் போய் இறங்கிவிடலாம் என்று நினைப்பு. கப்பல் கொம்பனி முறிந்து, சம்பளமும் இல்லாமல் இருவரும் அப்பியாவில் அகப்பட்டார்கள். அங்கே தீவுக் கப்பலில் மூட்டை தூக்கக் கூப்பிட்டார்கள். அரிசி, மா, எண்ணெய்ப் பீப்பா, சீமெந்து எல்லாம் இறக்குவது, தேங்காயும் ஆட்களும் ஏற்றுவது. மற்றவர்கள் கரைக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவார்கள். இவர்கள் இருவரிடமும் இருந்தது பொய்ப் புத்தகம் என்பதால் கப்டன் இறங்க விடுவதில்லை. டெக்கில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

ஒரு பயணத்தில் சித்தப்பாவுக்கு வயிற்றுக் குத்தும் காய்ச்சலும் வந்தது. அப்பியாவுக்குத் திரும்பும்வரை தாங்காது என்று கப்டன் பயந்தார். நுகுநோனுவில் சின்ன ஆஸ்பத்திரி ஒன்று இருந்தது. சித்தப்பாவைப் படகில் இறக்கிக் கரைக்கு அனுப்பினார்கள். கப்பல் அடுத்த தீவுக்குப் போகவேண்டியிருந்தது, போய்விட்டது. மறுபயணம் வந்தபோது ஆள் இல்லை, அடக்கம் செய்தாகிவிட்டது என்று படகில் வந்தவர்கள் சொன்னார்கள். அதோடு இவர் அந்தக் கப்பலை விட்டுவிட்டார்.

"எனக்கு ஏன் அறிவிக்கேல்லை?" என்று சின்னம்மா கேட்டார்.

"அவை அறிவிச்சிருப்பினம் அக்கா. புத்தகத்திலை இருந்தது வேறை ஆளின்ரை பேர். அந்தப் பேருக்குப் போயிருக்கும்." குனிந்தபடியே சொன்னார். "உங்களுக்கு எப்பிடியும் தெரிஞ்சிருக்கும் எண்டுதான் இவ்வளவு காலமும் நினைச்சிருந்தனான். உங்கடை அக்காவின்ரை மரண அறிவித்தலை இன்ரநெற்றிலை கண்டன். அதிலை அண்ணையின்ரை பேரும் இருந்தது. முன்னாலை காலஞ்சென்ற எண்டு இல்லை. பிழையாப் போட்டிட்டினம், போய் ஒருக்காக் கண்டிட்டு வருவம் எண்டு வந்தனான். நீங்கள் பொட்டோடை வந்து கதவைத் திறந்தியள்."

அந்த அறிவித்தலை எழுதிக் கொடுத்தவள் நான். கோயிலுக்குள் அவர் வராமல் வானிலேயே இருந்ததற்கும் இப்போதுதான் காரணம் விளங்கியது; உள்ளே சித்தப்பாவின் பெயருக்கு அர்ச்சனை நடந்தது.

செலினாவைக் கீழே கொண்டுபோய் விட்டுவிட்டு நான் திரும்பி வந்தபோது அவர் போயிருந்தார். சின்னம்மா அழுதிருக்கவில்லை. முதலே தெரியுமா என்று கேட்டேன். ஒரு மனிதன் கிழமைக்குக் கிழமை வந்து தண்ணி எப்பிடி, மண் எப்பிடி என்று சொல்லிக்கொண்டு நின்றால் தனக்கு விளங்காதா என்று திருப்பிக் கேட்டார். ஆனால் வாய் திறந்து கேட்டால் அவர் சொல்லிவிடுவாரே என்று பயந்தாராம்.

எனக்குத்தான் மனம் விடவில்லை. செலினா நுகுநோனுவில் இருக்கும் தன் மாமாவிடம் சொல்லி அந்தக் கல்லறையைப் படம் எடுப்பித்தாள். இப்போது அங்கே இணையம் நன்றாக வேலை செய்கிறது. வெள்ளை அடித்த ஒரு சிலுவை, சுற்றிவரப் பவளக் கற்கள். சிலுவையில் இருந்த பெயரைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அது சித்தப்பாவின் பெயர் இல்லை, சிங்களப் பெயர் ஒன்று. புத்தகத்திலிருந்த பெயர் அதுதான் என்று இவர் சொல்கிறார். அதற்கு இவரைத் தவிர வேறு சாட்சி இல்லை. வங்கியில் இப்படி ஒரு விண்ணப்பம் என் மேசைக்கு வந்தால் ஒரு நிமிடத்தில் திருப்பி அனுப்பிவிடுவேன்.

இதைச் சின்னம்மாவிடமும் சொன்னேன். அவர் படத்தை நெடுநேரம் பார்த்தார். செத்தவருக்குச் செய்யும் அந்தியேட்டிக் கிரியையைச் செய்யப் போகிறார் என்று எதிர்பார்த்தேன், செய்யவில்லை. பொட்டையும் அழிக்கவில்லை. கோயிலில் அர்ச்சனையை மட்டும் தன்னுடைய பெயருக்கு மாற்றிக்கொண்டார்.

அடுத்த மாதம் அந்த மனிதர் அறையை விட்டுவிட்டு மொன்றியலுக்குத் திரும்ப ஆயத்தமானார். அங்கே தங்கச்சியின் மகள் இருக்கிறாளாம். வானை விற்றுவிட்டதால் கில்ட்வுட் ஸ்டேஷனில் கொண்டுபோய் விடும்படி சின்னம்மா என்னிடம் சொன்னார். ஒரேயொரு பெட்டி. ஸ்டேஷனில் காரை நிறுத்தியபின் கேட்டேன்.

"அங்கிள், சித்தப்பா செத்ததை நீங்கள் கண்டனீங்களோ?"

"இல்லைப் பிள்ளை."

"அந்தக் குழியை?"

"இல்லை. அந்தமுறை கடலும் கெட்டுப்போய் இருந்தது. ஒருத்தரும் இறங்கேல்லை. படகிலை வந்த பெடியன் ஒருத்தன்தான் சொன்னவன். அவன் சொன்னதிலும் எனக்கு அரைவாசிதான் விளங்கினது."

"அப்ப, அவர் சுகமாகி வேறை எங்கையும் போயிருந்தால்?"

"அதைத்தான் நானும் இவ்வளவு காலமும் யோசிக்கிறன்." கதவுப் பிடியில் கையை வைத்துக்கொண்டு இருந்தார். "அண்ணையைத் தூக்கிப் படகிலை வச்சது இந்தக் கையாலை. படகு வாய்க்காலுக்குள்ளை போகுமட்டும் பாத்துக்கொண்டு நிண்டனான். அதுக்கங்காலை நடந்தது ஒண்டும் எனக்குத் தெரியாது. தெரியாததை அக்காவுக்கு என்னெண்டு சொல்லுறது? அந்தத் தீவைப் பற்றித்தான் எனக்கு நிச்சயமாத் தெரியும். அதைச் சொன்னனான்."

ரயில் வந்தது. பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு நான் அவரைக் காணவில்லை. இரண்டு முறை போன் எடுத்துப் பார்த்தேன், அந்த இலக்கம் பாவனையில் இல்லை.

அன்று ஸ்டேஷனிலிருந்து நேரே சின்னம்மாவிடம் போனேன். சொல்வதா விடுவதா என்று வழி முழுக்க யோசித்து, கடைசியில் சொன்னேன். அவர் நேரில் எதையும் காணவில்லை சின்னம்மா, யாரோ சொன்னதைத்தான் சொல்லியிருக்கிறார் என்றேன்.

சின்னம்மா கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"தெரியும். எனக்கும் சொன்னவர்."

"அப்ப ஏன் நம்பிறீங்கள்?"

"நான் நம்புறன் எண்டு ஆர் சொன்னது? செத்தவர் எண்டும் சொல்லேலாது, இருக்கிறார் எண்டும் சொல்லேலாது." வெட்டிய துண்டுகளைத் தண்ணீருக்குள் தள்ளினார். "கடைசியா ஆக்கள் அவரைக் கண்டது எங்கை எண்டு இப்ப எனக்குத் தெரியும். அந்த இடத்திலை தண்ணி எப்பிடி, சாப்பாடு எப்பிடி, நிண்டவருக்குப் பங்கு குடுத்திருப்பினமோ எண்டு தெரியும். முந்தி எனக்கு அதுகும் தெரியாது."